குதிகாலுக்குச் சாக்ஸ்

அலெக்ஸாந்திரியாவின் கடற்காற்று உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஏழெட்டுப் பெண்கள் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடுகிறார்கள். ஒவ்வொரு ஹீல்ஸின் குதிகாலிலும் குழந்தைகள் போடும் குட்டி சாக்ஸ் ஒன்று மாட்டியிருக்கிறது. கீழே காபிக்கடை வைத்திருக்கும் பத்ராவி போன வாரம் படியேறி வந்து, "டக் டக்குன்னு கேட்டா கடைக்கு வர்ற ஆம்பளைங்களுக்கு மனசு அலையுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. அவர் கடை டிவியின் கால்பந்துக் கூச்சல் மட்டும் தரையைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. சுழன்று திரும்பும்போது இனாஸுக்கு சாக்ஸ் வழுக்குகிறது. முழங்கால் தரையில் மோத விழுகிறாள். பாட்டு நிற்கிறது. "மெதுவா ஆடுங்க, மெதுவா" என்கிறாள் சொல்லித்தரும் நெர்மின். ஷாஹிராவுக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

"இன்னும் எவ்வளவு மெதுவா? காத்துல நடக்கணுமா?"

குனிந்து தன் சாக்ஸைப் பிடுங்கி மூலையில் எறிகிறாள். வெறும் குதிகால் டக்கென்று தரையில் இறங்குகிறது. கீழே டிவி சத்தத்தை யாரோ குறைக்கிறார்கள். ஓர் ஆண்குரல் மேலே வருகிறது.

"எவ அவ? அவள அடக்க வீட்ல ஒரு ஆம்பள இல்லையா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ஷாஹிரா பொத்திக்கொள்ளவில்லை. அவளுக்கு அந்தக் குரல் தெரியும். இன்று காலை வீட்டில், அவள் போட்ட தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று அதே குரல்தான் கத்தியது. இந்நேரம் அவள் தன் அக்கா வீட்டில் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கிறது.

"பாட்டைப் போடு, நெர்மின்."

குரல் வந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கும் தரைக்கல்லில் போய் நின்று, ஷாஹிரா காலைத் தூக்குகிறாள்.