சூளைன்னு சொல்லாதே

"தாசில்தார் கேட்டா இது வயலுன்னுதான் சொல்லணும். சூளைங்கிற பேச்சு எவ வாயிலயாவது வந்துச்சு, நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க" என்று முதலாளி துரைக்கண்ணு உறுமிவிட்டுப் போனான். ஒரு வருஷம் மண் எடுத்துக்கொள்கிறேன் என்று காசியம்மாளின் அப்பாவிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன், ஒன்பது வருஷமாகியும் திருப்பித் தரவில்லை. அதே நிலத்தில் குந்தி அவள் அச்சில் சேற்றை அடைத்துச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தாள். ஜீப் வந்து நின்றது. சூளைப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே தாசில்தார் அவளிடம் வந்தார்.

"இது என்னம்மா இடம்?"

துரைக்கண்ணு அவளையே முறைத்தான்.

"வயலுங்க."

"வயலா? யாரோட வயல்?"

காசியம்மாள் அச்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கைச்சேற்றை நிதானமாகத் துடைத்தாள்.

"எங்க வயலுங்க" என்றாள், துரைக்கண்ணுவைப் பார்த்தபடியே.