பெட்டியாரின் பிள்ளைகள்

ஊருக்கு வெளியே பீர் காய்ச்சும் ஒரு சின்ன ஆலையில் ஓர் அட்டைப்பெட்டியார் இருந்தார். ஆறு பீர் டின்களை வயிற்றுக்குள் வைத்து மூடியதிலிருந்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் மட்டும் இல்லேன்னா நீங்கல்லாம் நசுங்கியிருப்பீங்க," என்பார். அது பொய்யில்லை. கடைக்கு ஏற்றிப் போன லாரி அத்தனை குலுங்கியும் ஒரு டின்னிலும் ஒடுக்கு விழவில்லை.

"சரிதாங்கய்யா. ஆனா எங்க மேல அழகா மீன் வரைஞ்சிருக்காங்க. அதை யாராச்சும் பாக்க வேணாமா?" என்றது ஓரத்து டின்.

"வெளியுலகம் பொல்லாதது. பேசாம இரு."

கடையில் பெட்டியோடு குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். மறுநாள் வெளியே எடுத்ததும் டின்கள் மேலெல்லாம் நீர்த்துளி அரும்பி நின்றன.

"அழாதீங்க, நான் இருக்கேன்ல," என்றார் பெட்டியார்.

"நாங்க அழலைங்கய்யா, வியர்க்குது. உங்க அடிப்பக்கம்தான் ஊறுது. கொஞ்சம் பாத்துக்கோங்க."

"என் அடிப்பக்கம் எனக்குத் தெரியாதா?"

வாங்கியவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். இரண்டாம் படியில் அடிப்பக்கம் பிளந்தது. ஆறு டின்களும் தடதடவென்று உருண்டன. ஓரத்து டின்னில் ஓர் ஒடுக்கு விழுந்தது, மற்றவற்றுக்குச் சேதமில்லை. "அட, மீனு நல்லாருக்கே!" என்று ரசித்தபடி அவர் எல்லாவற்றையும் துணிப்பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படியோரம் சாய்ந்திருந்த துடைப்பம் பெட்டியாரிடம் துக்கம் விசாரித்தது.

"துக்கமா? பிள்ளைங்க வளந்துட்டாங்க. நான்தான் இறங்கிப் போங்கன்னு கதவைத் திறந்துவிட்டேன்," என்றார் பெட்டியார், கிழிந்த பக்கத்தை மெல்லச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே.