குதிரைக்கு ஈடு

தோட்டத்தில் பிறந்தவன் திருடுவான் என்பதில் ஆனந்தராஜாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பேங்கின் மேல்கூட அவருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, விடியற்காலை பெரட்டில் கூலியாட்களைப் பேர் கூப்பிட்டே ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்ததும் தரம் சொல்லிவிடுவாராம்.

ஜாசினில் அவர் வீட்டு வாசலில் அன்று ஒரு பழைய கார் வந்து நின்றது. இறங்கியவன் கும்பிட்டான்.

“இருளாண்டிங்கய்யா. இது வீட்டுக்காரி புனிதா. குதிரை விலைக்கு இருக்குன்னு போன்ல பாத்தோம்.”

குதிரை இருந்தது. ரேஸில் ஓடிக் களைத்து, சவாரிக்கு வந்த தரோபிரெட் ஜாதி. மகன் நிஷாந்த் ஆசையாக வாங்கி, பிரின்ஸ் என்று பேர் வைத்து, ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அதை விற்று அனுப்பும் காசில்தான் அங்கே படிப்பைத் தொடர வேண்டும் என்று போனில் கத்திக்கொண்டிருந்தான். காசு வராமல் குதிரை கைவிட்டுப் போனால் மகன் முகத்தில் விழிக்க முடியாது.

“உனக்குக் குதிரை எதுக்கு?”

“மஸ்ஜித் தானா கடற்கரையில ஒரு சீன முதலாளி சவாரிக்குக் கேக்குறாருங்கய்யா. நான் ரேஸ் லாயத்துல வேலை செஞ்சவன்.”

“பிறந்தது?”

“தோட்டத்துலதாங்க.”

அதானே, என்பதுபோல ஆனந்தராஜா தலையை ஆட்டினார்.

“செம்பனைத் தோப்புக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடுறேங்கய்யா.”

“அடையாளத்துக்கு ஐ.சி. எடு.”

“வீட்டுல மறந்துட்டேங்க.”

“நல்லா மறந்தேலா! இங்க ஏறுனா ஜொகூர்லதான் இறங்குவே, என்ன?”

“கார் இங்கதானே நிக்குது?”

“அந்த ஓட்டைக் காரை வச்சு நான் கோழியா வளக்குறது? உன் வீட்டுக்காரி இருக்கட்டும். குதிரையோட வந்தா கூட்டிக்கிட்டுப் போ.”

இருளாண்டியின் முகம் சுருங்கிவிட்டது. “வேணாங்கய்யா. அவ பயந்தவ. குதிரையும் வேணாம், நாங்க போறோம்.”

“பாத்தியா! திரும்பி வர்றவனுக்கு என்ன பயம்?”

புனிதா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஹாலில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. மனைவி சந்திராதேவி புக்கிட் காத்திலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இவளும் நழுவிவிட்டால்? ஆனந்தராஜா வாசல் கிரில்லை இழுத்துப் பூட்டினார். பின்வாசலுக்கும் ஒரு பூட்டு. சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியோரம் போய் நின்றார்.

குதிரை செம்பனை மரங்களுக்குள் நுழைந்தது. வால் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

குளம்புச் சத்தம் தேய்ந்தது. ஆனந்தராஜாவுக்கு வியர்த்தது. மாட்டிக்கொண்ட பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடுகிற ஜாதிதானே இவனுக என்று பல்லைக் கடித்தார். போலீசைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தபோது, மரங்களுக்கு நடுவே பிரின்ஸின் தலை தெரிந்தது. மேலே இருளாண்டி!

“நல்ல குதிரைங்கய்யா. ஆனா வாய் கொஞ்சம் முரடு. சின்னப் பிள்ளைங்க ஏறுற எடத்துக்கு ஒத்து வராது.” அவனே கொண்டுபோய்க் கட்டி, தண்ணீரும் காட்டினான்.

ஆனந்தராஜாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான். பூட்டைத் திறந்துவிட்டார். புனிதா உட்கார்ந்த இடத்திலேயே, கைப்பையை மடியில் அணைத்தபடி தலைகுனிந்து இருந்தாள். பாவம்! கொல்லையில் பறித்த ரம்புத்தானை அவரே அள்ளிக் கொடுத்தார். கைப்பையில் இடமில்லை என்று அவள் துப்பட்டாவில் ஏந்திக்கொண்டாள். கார் கிளம்பிப் போனது.

“தோட்டத்துலயும் ஒண்ணு ரெண்டு நல்லவன் இருக்கான்லா,” என்று பிரின்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் சந்திராதேவி வந்தாள். அறைக்குள் போனவள் அலறினாள். “இஞ்சருங்கோ! அலுமாரியில என்ர நகை ஒண்டையும் காணேல்லை!”

விசாரிக்க வந்த தமிழ்ப் போலீஸ் சார்ஜன் கதவுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கிரில்லில் ஒரு கீறல் இல்லை. “இவ்வளவு பெரிய பூட்டு போட்டிருக்கீங்க. திருடன் எப்படி உள்ள வந்தான்?”

ஆனந்தராஜா இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைத் தடவினார்.

“ஓடிடப் போறாளேன்னு நான்தான் உள்ள வச்சுப் பூட்டினேன்.”