லேஸ் இல்லாத சப்பாத்து

கனடாவின் ஒன்ராறியோவில் மாகாண சட்டமன்ற உறுப்பினரானதும் குலவீரசிங்கம் செய்த முதல் வேலை, லேஸ் இல்லாத சப்பாத்து வாங்கியதுதான். வார இறுதியில் நான்கு மண்டபங்கள், நான்கிலும் குத்துவிளக்கு. ஒவ்வொரு தடவையும் திரியைத் தொடுமுன் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் குனியாமலே கழற்றப் பழகிவிட்டார். சட்டமன்றத்தில் அவர் பேசியது ஒருவருக்கும் நினைவில்லை. விளக்கேற்றியது மட்டும் எல்லா வீட்டு ஆல்பத்திலும் இருக்கிறது.

தேர்தலில் தோற்ற நாலாம் மாதம் ஓர் அரங்கேற்றத்துக்குப் போனார். பழக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"மூன்றாவது திரியை ஏற்ற எங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினரை அன்போடு அழைக்கிறோம்" என்றார் அறிவிப்பாளர்.

குலவீரசிங்கம் எழுந்து, சப்பாத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேடைப் படிவரை வந்துவிட்டார். அங்கே அவரைத் தோற்கடித்த பிரவீணா ஒற்றைக் காலில் நின்று பூட்ஸ் லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நல்ல நேரம் வந்தீங்கள், அங்கிள். விழப்போறன், ஒருக்காப் பிடியுங்கோ."

தோளைக் கொடுத்தார்.

"லேஸ் இல்லாததா வாங்குங்கோ, பிள்ளை."

அவள் மேலே போனாள். மண்டபம் கைதட்டியது. அவள் இறங்கி வரும்போது காலை நுழைக்க வசதியாகப் பூட்ஸ் இரண்டையும் திருப்பி வைத்துவிட்டு அவர் திரும்பினார். அவருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளின் கால்களுக்கு நடுவே குலவீரசிங்கத்தின் சப்பாத்துகள் இரண்டும் மேடையைப் பார்த்தபடி இருந்தன.