எல்லாருக்கும் ஏழு

"பத்தொன்பதா? ஊரே ஏழுங்குது, நீ மட்டும் பத்தொன்பதுங்கறே?"

லேப் முதலாளி மேஜையில் அடித்த அடியில் டீ தம்ளர் உருண்டு கீழே விழுந்தது. எதிரே நின்ற மருமகள் அசையவில்லை. வீட்டில்தான் மருமகள். இங்கே அவள் தலைமை ஆய்வாளர்.

"மூணு தடவை பார்த்துட்டேன் மாமா. பத்தொன்பதுதான்."

குழந்தைகளுக்கான தானிய மாவு கப்பல் ஏறுவதற்கு முன், அதில் பூஞ்சை விஷம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சான்று கொடுப்பதுதான் அவர்கள் தொழில். அங்கீகாரம் பெற்ற லேப்பின் சான்று என்றால், போய்ச் சேரும் துறைமுகத்தில் மூட்டையை மறுபடி பிரிக்க மாட்டார்கள். நம்பி இறக்கிக்கொள்வார்கள். அங்கீகாரம் போனால் அந்தக் காகிதம் பொட்டலம் கட்டத்தான் ஆகும்.

அங்கீகாரம் தரும் அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறை லேப்களுக்கே பரீட்சை வைக்கும். பாட்டிலில் கொஞ்சம் மாவு வரும். அதில் விஷம் எவ்வளவு என்பது அனுப்பியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். தப்பாகச் சொன்னால் தொலைந்தது.

முதலாளி போனை எடுத்து, இன்னொரு லேப் நடத்தும் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ் கண்ணாடி, உனக்கு எவ்வளவுய்யா வந்துது?"

"ஏழு."

அடுத்த தெரு லேப்பின் மீசைக்காரருக்கும் ஏழு. போன வருடம் லேப் ஆரம்பித்த புதியவரும் பவ்யமாக, "ஏழுதான் அண்ணே" என்றார்.

"காதுல விழுந்துச்சா? மூணு பேரும் பொய் சொல்றாங்களா?"

"அது எனக்குத் தெரியாது மாமா. நம்ம பாட்டில்ல இருக்கறது பத்தொன்பது."

"மெஷினைத் தூக்கிக் குப்பையில போடு! கையில ஒரு தராசை வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கி, வாதாடி, மல்லுக்கட்டி வாங்கின அங்கீகாரம்மா இது. இருபது குடும்பம் இதை நம்பி இருக்கு. உன் பிடிவாதத்துக்குப் பலி குடுக்கச் சொல்றியா?"

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டும் மாமா. நம்ம தப்பா இருக்கட்டுமே."

"பேச்சைப் பாரு, பேச்சை!"

அவர் பேனாவைப் பிடுங்கினார். நோட்டில் இருந்த பத்தொன்பதை அடித்தார். பக்கத்தில் பெரிதாக ஏழு போட்டார்.

"சாவியை வை. நாளையிலேர்ந்து வீட்டோட இரு."

அவள் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள். வெள்ளைக் கோட்டை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, நான்கு முதலாளிகளுக்கும் அங்கீகார அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"பாராட்டுக் கூட்டம்தான்" என்று கிசுகிசுத்தார் கண்ணாடிக்காரர். "நாலு பேரும் ஒரே விடை. வேற என்ன வேணும்?"

"போட்டோ புடிப்பாங்கன்னு நான் தலைக்குச் சாயம் வேற அடிச்சிருக்கேன்" என்றார் மீசைக்காரர்.

"மீசைக்கு அடிக்க மறந்துட்டியேய்யா!"

நால்வரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரி அம்மா உள்ளே வந்தார். அவர் சிரிக்கவில்லை. நான்கு பாட்டில்களை மேஜையில் வரிசையாக வைத்தார்.

"நாலு பேரும் ஏழுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம்!"

"நாங்க அனுப்பினது நாலு வேற வேற மாவு. எதுலயும் ஏழு கிடையாது."

நால்வரும் பாட்டில்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

மீசைக்காரர்தான் முதலில் பேசினார். "எனக்கு முப்பத்திரண்டு வந்துது மேடம். மெஷின் மக்கர் பண்ணுதுன்னு நினைச்சு..."

"முப்பத்திரண்டுதான் சரி."

"எனக்கு ரெண்டு" என்றார் கண்ணாடிக்காரர், தலையைக் குனிந்தபடி.

"அதுவும் சரி."

அடுத்து முதலாளி வாயைத் திறந்தார். "எங்க மருமகப் பொண்ணு... பத்தொன்பதுன்னு சொல்லுச்சு."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. சரியான விடையைக் கையில வச்சுக்கிட்டு எல்லாரும் அழிச்சிருக்கீங்க. இது நிஜமாவே கப்பல்ல போற மாவா இருந்தா? முப்பத்திரண்டை ஏழுன்னு எழுதி ஒரு பச்சைக் குழந்தைக்கு ஊட்ட வச்சிருப்பீங்க. இன்னியிலேர்ந்து உங்க நாலு பேர் அங்கீகாரமும் ரத்து. எந்தத் துறைமுகத்துலயும் உங்க சான்று செல்லாது. அதை விடுங்க, இந்த 'ஏழு'ங்கறதைக் கிளப்பி விட்டது யாரு?"

முதலாளி கண்ணாடிக்காரரைக் காட்டினார். கண்ணாடிக்காரர் மீசைக்காரரைக் காட்டினார். மீசைக்காரர் புதியவரைக் காட்டினார்.

"இவன்தான் மேடம்! என்கிட்ட முதல்ல சொன்னதே இவன்தான்!"

முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். புதியவரின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்தார்.

"டேய், உன் பேச்சைக் கேட்டு எங்க வீட்டுப் பொண்ணை வேலையை விட்டே துரத்திட்டேன்டா! எங்கேருந்துடா புடிச்சே அந்தக் கணக்கை?"

புதியவர் மிரள மிரள விழித்தார்.

"என்னண்ணே என்னைப் போய்க் கேக்கறீங்க? பாட்டில் வந்த அன்னிக்கே உங்களுக்குத்தானே போன் பண்ணினேன்? 'இன்னும் மூடியே திறக்கலைடா தம்பி, போன தடவை ஏழு வந்துது, இப்பவும் அதான் இருக்கும், போட்டுக்கோ'ன்னு நீங்கதானே சொன்னீங்க!"