கூச்சக்காரத் தவசி

"ஏ கஸ்தூரி, இங்க வாடி! நேத்து வேம்புக்கு இந்தப் பக்கம் கெடந்த கல்லு, இன்னைக்கு அந்தப் பக்கம் கெடக்கு!"

விடிந்தும் விடியாததுமாகக் கோட்டைச்சாமி போட்ட கூப்பாட்டில், மனைவி கஸ்தூரியம்மாள் மோர் மத்தோடு ஓடிவந்தாள்.

வாசலில் கிடந்தது சின்ன இளவட்டக்கல். பொங்கலன்று ஊர் விடலைகள் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்னால் போட வேண்டியது. மகன் தவசிக்குப் பதின்மூன்று வயது. ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் ட்ரில் என்றாலே அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். குனிந்தால் பயல்கள் சிரிப்பார்களாம்.

"இந்தப் பொங்கலுக்கு இவன் கல்லைத் தூக்கிட்டா நான் மீசையச் செரைச்சுக்கிறேன் மச்சான்" என்று தேவாரம் ஊர் மைத்துனன் வேலுச்சாமி போன வாரம் சீண்டியிருந்தான். "தூக்காட்டி நான் செரைச்சுக்கிறேன்டா மாப்ள" என்று கோட்டைச்சாமியும் வீம்புக்குச் சொல்லித் தொலைத்திருந்தார்.

"ஏலே தவசி, நீயா தூக்குன?"

தவசி நெளிந்தான். "யாராச்சும் பாத்தா எனக்குக் கைகால் ஓடாதுய்யா."

"கூச்சம்டி, என் பிள்ளைக்கு! தெனம் ரெண்டு முட்டை அவிச்சுக் குடு."

"எனக்குய்யா?" என்று குதித்தாள் தங்கை முத்துப்பேச்சி. அண்ணனுக்கு ஒரு வயதுதான் இளையவள்.

"பொட்டப்பிள்ளை குதிக்காத. வளந்துட்டேல்ல? அடங்கி இரு."

அதன்பிறகு தினமும் கல் இடம் மாறியது. தினமும் முட்டை வெந்தது. கோட்டைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. சின்னமனூர்ச் சந்தை வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டு வந்தார்.

பொங்கலன்று ஊரே அவர் வாசலில் கூடிவிட்டது. தவசி கல்லைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். வேர்த்துக் கொட்டியது.

"என்ன மச்சான், கத்தியத் தீட்டச் சொல்லவா?" என்றான் வேலுச்சாமி.

கோட்டைச்சாமி மகனைப் பார்த்தார். மீசை போனால் முளைத்துவிடும். பயல் இன்றைக்குக் கேலிப்பட்டால் அப்புறம் தெருவில் தலைகாட்ட மாட்டானே!

"எல்லாரும் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்கப்பா! என் பிள்ளைக்குக் கூச்சம். மாப்ள, நீயுந்தான்!"

ஊர் கெக்கலி கொட்டிக்கொண்டே முதுகைக் காட்டி நின்றது. கோட்டைச்சாமியும் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

'ம்ம்க்' என்று ஒரு முக்கல். 'தொம்' என்று ஒரு சத்தம்.

திரும்பினால், கல் தவசிக்குப் பின்னால் மண்ணில் அழுந்திக் கிடந்தது! பெண்கள் குலவை போட்டார்கள். வேலுச்சாமி மீசையைப் பொத்திக்கொண்டு நழுவப் பார்த்தான். கோட்டைச்சாமி கண் கலங்க, "என் சிங்கம்டா!" என்று மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள் முத்துப்பேச்சி. அவளுக்கு மூச்சு வாங்கியது. பாவாடையெல்லாம் மண்.

"விடிஞ்சா வாசல் தெளிக்க இந்தக் கல்லைத் தூக்கிப் போடுறதும் நானு. இப்ப இவன் மானத்துக்குத் தூக்கிப் போட்டதும் நானு. என்னைய யாருய்யா தூக்குவாக?"