மேஜரான ஓடை

தேசியப் பூங்காவை ஒட்டிய அரசுக் காட்டில் பிறக்கும் ஓடைகளை, பிறந்த குழந்தைகளாகப் பதிவு செய்து, குடும்பத்துக்கு ஒன்றாகத் தத்து கொடுத்திருந்தார்கள். குருமலை ஓடைக்குச் சட்டப்படி தாய், மாதி.

சுரங்கக் கம்பெனி அதிகாரி சம்மதப் பத்திரத்தோடு மறுபடியும் வந்தார். “தாயார் நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, மலையைத் தோண்ட ஆரம்பிச்சிடலாம்மா.”

மாதி அவரிடம் பாயசத்தை நீட்டினாள். “இன்னிக்கு என் ஓடைப் பொண்ணுக்குப் பதினெட்டு முடியுதுங்க சார். இனிமே என் கையெழுத்து செல்லாது. அவளையே கேட்டுக்கங்க.”

அதிகாரி ஓடைக்கரையில் குனிந்து தண்ணீரிடம் பத்திரத்தை நீட்டிப் பார்த்தார். பத்திரம் நனைந்ததுதான் மிச்சம். சட்டம் தெரிந்தவர், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மாதி சிரித்துக்கொண்டே குடத்தோடு ஓடையில் இறங்கினாள். தண்ணீர் மொள்ளக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஒரு குடம் எடுத்துக்கட்டுமா, கண்ணு?” என்று கேட்டாள்.